ஓவர் சொன்ன பிறகு

என் அக்காவின் கணவர் கடவுளிடம் பேசுவது வாக்கிடாக்கியில் பேசுவது மாதிரிதான் இருக்கும். காலையில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஆரம்பிப்பார். மெதுவாகப் பேசுவது என்ற வழக்கமே அவருக்குக் கிடையாது.

“ஆண்டவனே, நான்தான் பேசறேன். நேத்து மழை வராம இருந்ததுக்கு ரொம்ப நன்றி. இன்னைக்கு இரும்பு ஏத்தற வேலை இருக்கு, கொஞ்சம் கூடவே இரு. இவளுக்கு முழங்கால் வலி இன்னும் போகலை. அப்புறம் நம்ம மாப்ளைக்கு ஒரு பொண்ணு அமையணும். அதிகம் பேசாத பொண்ணா இருந்தாலும் பரவாயில்லை, ரெண்டு பேருக்கும் சேத்து இவனே பேசிடுவான். ஓவர்.”

அந்த மாப்ளை நான்தான். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, அக்கா வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடுகிறவன். என்னைப் பற்றிய புகார் தினமும் மேலிடத்துக்குப் போவதைக் காதால் கேட்டுக்கொண்டே பல் தேய்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

‘ஓவர்’ சொன்ன பிறகு அத்தான் உடனே நகர மாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். நான் விளையாடுவது அந்த நேரத்தில்தான்.

“என்ன அத்தான், லைன்ல யாராவது வந்தாங்களா? இல்ல பேட்டரி போயிருச்சா?”

அவர் கோபப்பட்டதே இல்லை. எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். “மாப்ளே, நாம பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் இருக்கறவர் எப்படிப் பேசுவார்? சொல்ல வேண்டியதைச் சொல்லணும், ஓவர் சொல்லணும், கையை எடுத்துடணும். அப்புறம் அவர் பாடு” என்பார்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது பதில் வந்திருக்கா?”

“நீ வாயை மூடினா வரும்.”

அக்கா சமையலறையிலிருந்து, “ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுக் கிளம்புங்க” என்பாள். எங்கள் வீட்டில் உடனுக்குடன் பதில் தருகிற ஒரே சக்தி அவள்தான்.

எங்கள் மூன்று பேருக்கும் வேலை ஒரே இடத்தில், கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெரிய கட்டடத்தில். அத்தான் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடத்தை ஒட்டி வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும் அந்த இரும்புக் கம்பத்தின் உச்சியில், குளியலறை அளவு கண்ணாடி கேபினுக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் தரையில் நின்று அவருக்குச் சிக்னல் சொல்கிறவன். கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமையை இறக்கும்போது அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. நடுவில் கட்டடம் மறைக்கும். “கொஞ்சம் எறக்கு, இன்னும் கொஞ்சம், நிறுத்து” என்று நான் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல அவர் இயக்குவார். அங்கே அவருடைய கண் நான்தான். அக்கா ஸ்டோரில் இருக்கிறாள். ஆணி முதல் ஹெல்மெட் வரை அவளைக் கேட்காமல் எதுவும் வெளியே போகாது. கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம் என்பதால் அத்தானின் போனும் அவள் அலமாரியில்தான் பகல் முழுக்கத் தூங்கும்.

நான் ஏன் தரையில் இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு உயரம் என்றால் ஈரக்குலை நடுங்கும். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன், முழங்கால் வலிக்காரியான அக்காதான் ஏறுவாள். கட்டட வேலைக்கு வந்தவன் தரையை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறானே என்று என்னைக் கிண்டல் செய்யாத ஆள் அந்த வளாகத்தில் கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே தரையில் நிற்பேன். தரை எனக்குப் பிடித்திருக்கிறது. அது ஆடுவதில்லை.

சாப்பாட்டுத் தூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா அத்தானுக்குக் கட்டிக்கொடுக்கிற அடுக்குத் தூக்கு, ஒரு சின்னக் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் ஏணியில் ஏறுவதைப் பார்த்தால், முதல் சுமையைக் கிரேன் இல்லாமலே மேலே கொண்டுபோகிறார் என்று தோன்றும். சாயங்காலம் காலித் தூக்கைத் திருப்பிக் கொடுத்து, “துளி மிச்சமில்லை” என்பார். அக்காவின் முகம் மலர்ந்துவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

அன்றைக்குக் கண்ணாடி ஏற்றுகிற வேலை. கட்டடத்தின் பின்பக்கத்தில் பொருத்த வேண்டிய ஆளுயரக் கண்ணாடிகளை ஒரு இரும்புச் சட்டத்தில் வரிசையாக நிறுத்திக் கட்டியிருந்தார்கள். அதை முன்வாசலில் லாரியிலிருந்து தூக்கி, கட்டடத்துக்கு மேலாகக் கொண்டுபோய், பின்பக்கத்து முற்றத்தில் இறக்க வேண்டும். காலையில் ஒரு இலைகூட அசையவில்லை. அத்தான் அழகாகத் தூக்கினார். நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். சட்டம் கூரைக்கு மேலே வந்து, திரும்பி, என் பக்கமாக வந்து நின்றது.

“இடது பக்கம் கொஞ்சம் திருப்புங்க அத்தான்” என்றேன். திருப்பினார். வாக்கிடாக்கியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அத்தான் மூக்கால் ஏதோ ராகம் இழுப்பது கேட்க ஆரம்பித்தது. அவர் பட்டனை அழுத்திக்கொண்டு ராகம் பாடுகிறவர் அல்ல.

“நிறுத்துங்க. நிறுத்துங்க அத்தான்” என்றேன்.

ராகம் தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ராகம் நின்றது. “மாப்ளே? சொல்லு மாப்ளே. ஓவர்.”

“கேக்குதா அத்தான்?”

“மாப்ளே, சத்தமே காணோமே. ஓவர்.”

சிக்னல் வரவில்லையென்றால் கிரேனை அசைக்கக் கூடாது. அத்தான் அசைக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் முற்றத்துக்கு மேலே, பத்தாவது மாடி உயரத்தில், அப்படியே தொங்கியது. அப்போது பார்த்துத்தான் காற்று எழுந்தது. முதலில் மண்ணைக் கிளப்பியது. அப்புறம் மேலே போய்க் கண்ணாடிச் சட்டத்தை மெல்ல ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தது.

சைட் எஞ்சினியர் மேடம் ஓடி வந்தார். சின்ன வயசு, ஆனால் பதற மாட்டார். என் வாக்கிடாக்கியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “அவர் செட்ல பட்டன் எதுலயோ அழுந்தி மாட்டிக்கிச்சு. அவர் பேசறதெல்லாம் நமக்குக் கேக்கும். நாம பேசறது ஒண்ணும் அவருக்குக் கேக்காது” என்றார். முற்றத்தில் இருந்தவர்களையெல்லாம் விரட்டி வெளியே அனுப்பினார். ஏணி வழியாக ஒரு ஆளை அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். “இந்தக் காத்துல ஏறி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கண்ணாடி ஆட ஆரம்பிச்சிடும்” என்றார்.

தகரத்தைத் தட்டினோம். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. வளாகத்தில் எல்லார் இடுப்பிலும் இருந்த வாக்கிடாக்கிகளில் அத்தானின் குரல் மட்டும் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

“ஆண்டவனே, நான்தான் பேசறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக் கூடத்தில் மட்டும் கேட்கிற குரல் அது. கம்பி கட்டுகிறவர்கள், சிமெண்ட் கலக்குகிறவர்கள், லாரிக்காரர், காவலாளி எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“ரேடியோ செத்துப்போச்சு ஆண்டவனே. காத்து வேற வருது. கீழ யார் இருக்காங்க, யார் இல்லைன்னு எனக்குத் தெரியலை. எறக்கினா யார் தலையில எறங்குமோ. எறக்காம வச்சிருந்தா காத்து அடிச்சுக் கட்டடத்துல மோதிடும். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாள் வந்ததில்லை. என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லு. ஓவர்.”

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் மேலே பார்த்து, “எறக்காதீங்க அத்தான், அப்படியே இருங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவருக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

இதற்குள் அக்கா ஸ்டோரைப் பூட்டிவிட்டு வாக்கிடாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முழங்கால் வலியைக் காணோம். சரியாக அவள் வந்து நின்ற நேரம் பார்த்து அத்தான் அடுத்ததை ஆரம்பித்தார்.

“ஆண்டவனே, இன்னொண்ணு. உன்கிட்ட மறைக்க முடியாது, நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்கே. இவ கட்டிக் குடுக்கிற சாப்பாட்டை நான் முழுசா சாப்பிடறதில்லை. பாதிக்கு மேல காக்காக்குத்தான் போடறேன். அவ்வளவையும் தின்னா நான் இந்த ஏணியில ஏற முடியாது, என்னையே கிரேன்லதான் தூக்கணும். மிச்சம் கொண்டுபோனா அவ மூஞ்சி வாடிப்போகுது. எனக்கு அதைப் பாக்கச் சகிக்கலை. அதனாலதான் தினம் பொய் சொல்றேன். அதை மன்னிச்சிடு.”

முற்றத்தின் ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சிமெண்ட் கலக்குகிற ஒருவருக்கு அடக்க முடியாமல் இருமல் வந்தது. அக்காவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

“காக்காக்கா?” என்றாள் மெதுவாக. “எறங்கி வரட்டும்.”

அந்த ‘வரட்டும்’ என்பதில் அவள் குரல் உடைந்தது. அவர் இறங்கி வருவாரா என்பதுதானே அங்கே எல்லாருடைய கேள்வியும்.

காற்று இன்னொரு தள்ளு தள்ளியது. சட்டம் மெதுவாக ஒரு கால்வட்டம் சுழன்று திரும்பியது. வெயில் கண்ணாடியில் பட்டு எங்கள் முகங்களின் மேல் ஓடியது.

அத்தானின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“ஆண்டவனே, மாப்ளை ஏன் பேச மாட்டேங்கிறான்? அவன் வாயை மூடற ஆளே இல்லையே. ரேடியோ போச்சுன்னா கத்தியாவது இருப்பான். கீழ ஏதாவது ஆயிருச்சா? நான் திருப்பினப்போ சட்டத்துலேர்ந்து ஏதாவது கழண்டு அவன் மேல விழுந்திருச்சா? அய்யோ ஆண்டவனே. அவன் சின்னப் பையனா இருந்தப்பவே எங்க வீட்டுக்கு வந்தவன். எனக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டும். இந்தக் கண்ணாடி உடைஞ்சு என் வேலை போனாலும் போகட்டும். அவனை மட்டும் பத்திரமா வச்சிரு. உன்கிட்டக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். கேக்குதா? ஓவர்.”

அவர் அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட இத்தனை வாக்கிடாக்கிகளிலும் கேட்டது.

நான் உயிரோடு, ஒரு கீறல்கூட இல்லாமல், கையைக் காலை வைத்துக்கொண்டு கீழே நிற்கிறேன். அவர் சொல்வதில் ஒரு எழுத்து விடாமல் என் காதில் விழுகிறது. ‘நான் இங்கதான் இருக்கேன்’ என்ற மூன்று வார்த்தையை அவரிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. கடவுள் உத்தியோகம் இவ்வளவு கொடுமையானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பேட்டரி போயிருச்சா என்று எத்தனை காலை கேட்டிருப்பேன்! வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த மனிதரை இந்த நிமிஷமே போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“கை சிக்னல்தான் வழி” என்றார் எஞ்சினியர் மேடம். “மேல்தளத்து மூலையில நின்னா கேபினும் தெரியும், முற்றமும் தெரியும். யார் போறது?”

கை சிக்னல் கற்றவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் இருந்தார். மற்றவனை எல்லாரும் பார்த்தார்கள். நானும் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

“மேடம், எனக்கு...” என்று இழுத்தேன்.

“தெரியும்” என்றார் மேடம் பாவமாக.

அக்கா என் அருகில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் ஹெல்மெட் வாரை இழுத்துத் தாடைக்குக் கீழே சரியாக மாட்டிவிட்டாள், பள்ளிக்கூடம் போகும்போது பித்தான் போட்டுவிடுவது மாதிரி.

“அவர் உனக்காக அழுதுக்கிட்டிருக்கார். நீ கீழ நின்னு கேட்டுக்கிட்டிருக்கே. போடா.”

போனேன்.

காற்று என்பதால் ஆள் ஏற்றும் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். படிதான். பூச்சு வேலை முடியாத படிக்கட்டு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் இரும்புக் குழாய், குழாய்க்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறினேன். முதல் நான்கு மாடி கோபத்தில் ஏறினேன். அதற்கு மேல் கோபம் தீர்ந்துபோய்ப் பயம் மட்டும் மிச்சமிருந்தது. இடுப்பில் அத்தான் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

“...அவன் கிண்டல் பண்றதை நீ மனசுல வச்சுக்காதே ஆண்டவனே. காலையில அவன் ஏதாவது சொல்லலைன்னா எனக்கே பொழுது விடிஞ்ச மாதிரி இருக்காது. நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம் நீளம். அதையும் நீதானே குடுத்தே...”

“சரி அத்தான், போதும்” என்று முனகிக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவர் ஒருவர் தயாராக நின்றார். என் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையை மாட்டி, அதன் நீளக் கயிற்றின் கொக்கியைத் தூணின் கம்பியில் பூட்டிவிட்டு, “இழுத்துப் பாருங்க, யானை தொங்கினாலும் தாங்கும்” என்றார். யானைக்கு என்ன, அது இவ்வளவு உயரம் ஏறி வரப்போவதில்லையே. காற்று பலமானதால் தளத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று மேடம் உத்தரவு. கம்பி கட்டுகிறவரும் படிக்கட்டுக்குள் போய்விட்டார்.

மூலை வரைக்கும் நடந்து போனேன் என்று சொல்ல ஆசைதான். தவழ்ந்துதான் போனேன். மூலைத் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதை ஊன்றி, எழுந்து நின்றேன். கீழே பார்க்க வேண்டியது என் வேலை. பார்த்தேன். முற்றம் கைக்குட்டை அளவு இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு புள்ளி அக்கா. தலையைத் தூக்கிக் கேபினைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அத்தான் தெரிந்தார். கைகளைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இத்தனை பாடுபட்டு வந்து நிற்கிறேன், மனிதர் கண்ணைத் திறக்கவில்லை!

“கண்ணைத் திறங்க அத்தான்!” என்று கத்தினேன். “நாந்தான் வந்திருக்கேன்ல! திறங்க!”

அவர் பிரார்த்தனை நிதானமாகத்தான் நடந்தது. “...ஏதாவது ஒரு வழி காட்டு. யாரையாவது அனுப்பு. யாரா இருந்தாலும் சரி. ஓவர்.” கண்ணைத் திறந்தார்.

நான் ஒரு கையைத் தலைக்கு மேலே ஆட்டினேன். அவர் கேபின் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். என் இடுப்பிலிருந்து அவர் குரல் வந்தது.

“யாரது? ... ஆண்டவனே! மாப்ளையா? உசுரோட இருக்கான்! நல்லா இருக்கான்! ஆனா இவனையா அனுப்பினே? உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? இவன் நாற்காலி மேலயே ஏற மாட்டானே!”

கீழே அத்தனை பேரும் சிரித்தது எனக்கு மேலே வரைக்கும் கேட்டது. காற்றுக்குக்கூட அந்தச் சிரிப்பை வாரிக்கொண்டு போக மனமில்லை போலிருக்கிறது.

கை சிக்னல் தர இரண்டு கையும் வேண்டும். கம்பியைப் பிடித்திருந்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். பிறகு வேலை தானாக வந்தது. வலது கையை நீட்டிக் காட்டினேன். கிரேனின் நீண்ட கை வலது பக்கமாகத் திரும்பியது. உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்தினேன், நின்றது. சட்டம் ஆடி அடங்கும்வரை காத்திருந்தேன். விரலைக் கீழே காட்டிச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினேன். கண்ணாடிச் சட்டம் என்னைக் கடந்து இறங்கியது. கடக்கும்போது அதில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு அசிங்கமாக நான் இருந்ததில்லை. இன்னும் கீழே. ஆட்கள் ஓடிவந்து சட்டத்தின் கயிறுகளைப் பிடித்தார்கள். இன்னும் கொஞ்சம். நிறுத்து. இன்னும் ஒரு சாண். சட்டம் தரையில் உட்கார்ந்தது. ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை. எஞ்சினியர் மேடம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

அத்தான் கொக்கியை மேலே ஏற்றி, கிரேனின் கையைக் காற்றின் போக்கில் திரும்ப விட்டார். இனி எவ்வளவு அடித்தாலும் கவலையில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வேலை முடிந்தது, இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

திரும்ப முடியவில்லை. வேலை இருக்கும்வரை சொன்னபடி கேட்ட கால்கள் இப்போது எங்களுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று மடங்கிவிட்டன. தூணின் அடியில் உட்கார்ந்து கம்பிகளைக் கட்டிக்கொண்டேன். படிக்கட்டுக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். அது அடுத்த ஊரில் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். கம்பி கட்டுகிறவர் கதவுக்குள்ளிருந்து என்னமோ சொல்லிக் கையசைத்தார். அவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே தளம் சாய்கிற மாதிரி இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. வாய் தானாகவே எனக்குத் தெரிந்த ஒரே முறையில் ஆரம்பித்துவிட்டது.

“ஆண்டவனே, நான்தான் பேசறேன். என்னைத் தெரிஞ்சிருக்கும், தினம் காலையில எங்க அத்தான் உன்கிட்டப் பேசறப்போ பின்னாலேர்ந்து நையாண்டி பண்றது நான்தான். அதையெல்லாம் இப்போ பேச வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. காலு வர மாட்டேங்குது. தனியா எறங்க முடியாது என்னால. அவர் எனக்காக அழுதாரே, கேட்டியா? நான் கேட்டேன். அப்படி ஒரு மனுஷன் எனக்காக அழற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணலை. அவருக்கு நல்ல ஆயுசு குடு. அவர்கிட்ட நான் இதை நேர்ல சொல்ல மாட்டேன், எனக்கு வராது. நீயே சொல்லிடு. யாரையாவது அனுப்பு, சீக்கிரம். ஓவர்.”

சொல்லி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தேன். வாக்கிடாக்கியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன். கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம். பேசுவதென்றால் விரல் தானாக அங்கே போய்விடும்.

மானம் போயிற்று. முழு வளாகமும் கேட்டிருக்கும். ஆனால் அத்தானுக்கு மட்டும் கேட்டிருக்காது, அவர் செட்தான் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு ஆறுதல். விரலை எடுத்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. பிறகு வாக்கிடாக்கியில் ‘கர்’ என்றது.

“கேட்டுச்சு மாப்ளே.”

வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சாப்பாட்டுத் தூக்குதான். நான் திருப்பினப்போ சரிஞ்சு வந்து இந்த செட்டு மேல சாஞ்சிருக்கு. சாப்பிடலாம்னு தூக்கை எடுத்தேன், உன் குரல் வந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு.” மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். “பயப்படாதே. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்த இடத்துலயே இரு. நான் எறங்கி, உன்கிட்ட ஏறி வர்றேன். ஓவர்.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்கு விக்கல் எடுத்தது. உடனே இன்னொரு ‘கர்’.

“ஸ்டோர்க்காரி பேசறேன்.” அக்கா. “எறங்கி வர்றவங்க தூக்கையும் கையோட எடுத்துக்கிட்டு வாங்க. மூணு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடலாம். காக்காக்கு இன்னைக்குக் கிடையாது. ஓவர்.”

வளாகமே ஆரவாரம் செய்தது. அவளுக்குப் பதிலாக ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. கட்டைவிரல் பட்டன் மேல் போய்விட்டது. அழுத்தாமல் எடுத்துவிட்டேன். கிரேனின் இரும்பு ஏணியில், தூக்கு பக்கவாட்டில் இடிக்க இடிக்க, அத்தான் இறங்கி வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.